‘சின்ன’ எங்கே போச்சு?

சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன் தெரியுமா உங்களுக்கு? சேலம் - விருத்தாசலம் பாதையில், அதிகம் பரபரப்பு இல்லாத ஸ்டேஷன். பிளாட்ஃபார ஓரத்தில் வழக்கமான மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து. அதற்கு எதிரே தாத்தாவை உட்காரவைத்துவிட்டு, சும்மா பொழுது போக, “தாத்தா, அந்த போர்டைப் படிங்க பார்ப்போம்” என்றேன்.

“சேலம்” என்றார்.

“நல்லாப் பாருங்க தாத்தா.”

“பாத்துட்டுத்தாண்டா சொல்றேன். சேலம்! நம்ம ஊர் ஸ்டேஷன்ல எவண்டா சேலம்னு எழுதி வெச்சவன்?”

நான் சிரித்துவிட்டேன். தாத்தா குறும்பு பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாவது வாரம் அது. பேச்சு பளிச். ஞாபகம் பளிச். ரைஸ் மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். நீளமான பேரேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு “எங்கியோ உதைக்குதே” என்று சொல்கிற ஆள். அப்படிப்பட்டவருக்கு ‘சின்ன’ தெரியவில்லையா?

மறுநாள் மதியம் சிரிப்பு அடங்கிவிட்டது. தட்டில் வலது பக்கச் சோறு காலி. இடது பக்கச் சோறும், ஓரத்தில் இருந்த பீன்ஸ் பொரியலும் அப்படியே இருக்க, “பொரியல் வைக்கலியா?” என்று ஆயாவிடம் சண்டை. ஆயா ஒன்றும் பேசாமல் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தார். “ம், இப்ப வந்துச்சு பாரு” என்று சாப்பிட்டார் தாத்தா.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பெரியப்பா முடிவு கட்டினார். கண் டாக்டரோ, “கண்ணுல ஒரு குறையும் இல்லை” என்றார். கண்ணில் இல்லையென்றால் வேறு எங்கே? இதைத் தேட ஆரம்பித்துதான் மக்களே, நான் படிக்கிற எலெக்ட்ரானிக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காட்டுக்குள் போய்ச் சேர்ந்தேன். உங்களையும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போகிறேன், வாங்க!

முதலில் வயரிங். மூளை இரண்டு பாதி. உடம்பின் வலது பக்கத்தை இடது பாதியும், இடது பக்கத்தை வலது பாதியும் கவனிக்கின்றன. இது பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஆனால் பார்வை விஷயத்தில் பாதிப் பேர் தப்பாகத்தான் புரிந்து வைத்திருக்கிறோம் (நான் உட்பட). இடது கண் வலது மூளைக்கு, வலது கண் இடது மூளைக்கு என்பது தவறு. ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் திறந்த கண் இரண்டு மூளைக்கும் தகவல் அனுப்புகிறது. கணக்கு கண்ணை வைத்து அல்ல, நீங்கள் உற்றுப் பார்க்கும் புள்ளியை வைத்து! இந்த வரியில் ஒரு எழுத்தை உற்றுப் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் தெரிவதெல்லாம் முதலில் வலது மூளைக்குப் போகும். வலப்பக்கம் தெரிவதெல்லாம் இடது மூளைக்கு. கண்ணை நகர்த்தினால் கோடும் கூடவே நகரும்.

அப்படிப் பிரிந்து போன இரண்டு பாதிப் படங்களும் நடுவில் இருக்கிற ஒரு பாலம் வழியாகக் கலந்துவிடுகின்றன. கார்பஸ் கலோசம் என்று பெயர். ஏறக்குறைய 20 கோடி நரம்பிழைகள். அதனால்தான் உலகம் நமக்கு நடுவில் தையல் போட்ட மாதிரி தெரிவதில்லை.

அப்படியானால் எந்தப் பாதி எதில் கில்லாடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் வேகம் உள்ளே வருகிறது. ஓரத்தில் ஏதாவது தோன்றினால் கண் அந்தப் பக்கம் திரும்ப சுமார் 200 மில்லி செகண்ட் ஆகும். திரும்பிவிட்டால் போச்சு, இரண்டு மூளைக்கும் படம் போய்விடும். ஆகவே கண் திரும்புவதற்கு முன்பே காட்டி மறைத்துவிட வேண்டும். 150 மில்லி செகண்டுக்குள்!

150 மில்லி செகண்ட் எவ்வளவு நேரம்? நம்ம ஊர் பைபாஸில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ் அந்த நேரத்தில் இரண்டரை மீட்டர் நகர்ந்திருக்கும். உங்கள் லேப்டாப் ஸ்கிரீன் 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்ட், அதாவது 9 ஃப்ரேம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இதற்கு மிஷின் செய்துவிட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். 1859-ல் ஜெர்மனியின் ஃபோல்க்மன், படத்தைக் கண நேரம் காட்டி மறைக்கிற ‘டாகிஸ்டோஸ்கோப்’ என்ற கருவியை உருவாக்கினார். பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் ஆய்வுக்கூடங்களில் அதன் ஆட்சிதான்.

அவ்வளவு குறைந்த நேரத்தில் மூளைக்கு என்ன புரியும் என்று கேட்கிறீர்களா? 1996-ல் பிரான்ஸில் சைமன் தோர்ப் குழுவினர் 20 மில்லி செகண்டுக்குப் போட்டோக்களைக் காட்டி, “இதில் விலங்கு இருக்கா, இல்லையா?” என்று கேட்டார்கள். முன்பின் பார்த்திராத படங்கள். ஆனாலும் பெரும்பாலும் சரியான பதில்தான் வந்தது. தலையில் பொருத்திய மின்முனைகளில், விலங்குப் படத்துக்கும் மற்ற படத்துக்கும் 150 மில்லி செகண்டிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. நாம் ‘பார்த்தேன்’ என்று சொல்வதற்கு ரொம்ப முன்பே மூளை பார்த்து முடித்துவிடுகிறது!

அந்தப் பாலத்தை வெட்டிவிட்டால்?

வெட்டியிருக்கிறார்கள். வேறு எதற்கும் அடங்காத வலிப்பு நோய்க்காக, அமெரிக்காவில் 1960-களில் சிலருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. வலிப்பு குறைந்தது. ஆளும் வெளியே பார்க்கச் சாதாரணமாகவே இருந்தார். ரோஜர் ஸ்பெரி, மைக்கேல் கசானிகா ஆகியோர் அவர்களை ஸ்கிரீன் முன் உட்காரவைத்துப் படங்களை மின்னல் வேகத்தில் காட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வலப்பக்கம் காட்டினால் பெயர் சொல்வார்கள். இடப்பக்கம் காட்டினால் “ஒண்ணும் தெரியலையே” என்பார்கள். ஆனால் இடது கை மட்டும் அதே பொருளைத் தடவிச் சரியாக எடுத்துக் கொடுக்கும்! பார்த்தது வலது மூளை. அதற்குப் பேச வராது. பேசுகிற இடது மூளையோ பார்க்கவில்லை.

இதில் ஒரு காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவருக்கு வலப்பக்கம் கோழிக்கால், இடப்பக்கம் பனி மூடிய வீடு, இரண்டையும் ஒரே சமயத்தில் காட்டினார்கள். பிறகு பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னார்கள். வலது கை கோழியை எடுத்தது. இடது கை பனி அள்ளுகிற மண்வெட்டியை எடுத்தது. “ஏன் இந்த மண்வெட்டி?” என்று கேட்டால், பனியைப் பார்க்காத இடது மூளை கொஞ்சமும் அசராமல் பதில் சொன்னது... கோழிக் கொட்டகையைச் சுத்தம் பண்ண வேண்டாமா என்று! படிக்காமல் வந்துவிட்டு வைவாவில் அடித்து விடுகிற நம்ம பசங்க மாதிரியே இல்லை? ஸ்பெரிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பாலம் நன்றாக இருக்கிற நமக்கும் வித்தியாசம் உண்டா? உண்டு. ஆனால் சின்னது. மில்லி செகண்டிலும், நூறு முறை காட்டினால் சில தவறுகள் கூடக் குறைய இருப்பதிலும்தான் தெரியும். வார்த்தைகளை ஒரு நொடிப்பொழுது காட்டினால், வலப்பக்கம் தோன்றுவதைக் கூடுதலாகச் சரியாகப் படிக்கிறோம். காரணம், வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் 95 சதவிகிதம் பேருக்கு மொழி இடது மூளையின் ஏரியா. முகம் என்றால் கதை தலைகீழ்.

ஒரு பேப்பர் எடுங்கள். இரண்டு வட்டம் போட்டு, கண், மூக்கு வையுங்கள். முதல் முகத்துக்கு உங்கள் இடக்கைப் பக்கம் வருகிற பாதி வாய் மேல்நோக்கிச் சிரிக்கட்டும். மறு பாதி கீழ்நோக்கித் தொங்கட்டும். இரண்டாவது முகம் அப்படியே கண்ணாடிப் பிம்பம். இப்போது பக்கத்து பெஞ்ச் ஆளிடம் காட்டி, “மூக்கைப் பார்த்துட்டுச் சொல்லு, எது சந்தோஷமா இருக்கு?” என்று கேளுங்கள். வலது கைக்காரர்களில் நிறைய பேர் முதல் முகத்தைத்தான் காட்டுவார்கள். இடப்பக்கம் தெரிவது வலது மூளைக்குப் போகிறது, முகத்தையும் முகபாவத்தையும் படிப்பதில் அதன் கை ஓங்கியிருக்கிறது என்பது வழக்கமான விளக்கம்.

‘வழக்கமான’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1989-ல் ஜோத்ஸ்னா வைத், மகாராஜ் சிங் இருவரும் இதே மாதிரி முகங்களை இந்தி படிப்பவர்களிடமும் உருது படிப்பவர்களிடமும் காட்டினார்கள். இந்தி இடமிருந்து வலம். உருது வலமிருந்து இடம். இந்திக்காரர்களிடம் பளிச்சென்று தெரிந்த அந்த இடப்பக்கச் சாய்வு, உருதுக்காரர்களிடம் அப்படி இல்லை. ஆக, கொஞ்சம் மூளை, கொஞ்சம் வாசிப்புப் பழக்கம். நாமும் இடமிருந்து படிக்கிற ஆட்கள்தான். அதனால் உங்கள் ரூம்மேட் முதல் முகத்தைக் காட்டியதும் “பார்த்தியா, வலது மூளை!” என்று துள்ள வேண்டாம்.

இனி வருவதுதான் எனக்குத் தலை சுற்றிய இடம். ஸ்கிரீன் நடுவில் ஒரு புள்ளி. அதற்கு இடப்பக்கம் ஒரு எழுத்து, வலப்பக்கம் ஒரு எழுத்து. இரண்டும் ஒரே இடத்தில் நின்றபடி, நொடிக்கு ஏழெட்டு முறை மாறிக்கொண்டே இருக்கும். இந்த வெள்ளத்தில் இரண்டு டார்கெட் ஒளிந்திருக்கும். இரண்டையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஓடுகிற ரயிலிலிருந்து எதிர் ரயிலின் பெட்டி எண்களைப் படிப்பது மாதிரி! முதல் டார்கெட்டைப் பிடித்த கையோடு, அடுத்த அரை நொடிக்குள் வருகிற இரண்டாவதைப் பெரும்பாலும் கோட்டை விடுவோம். ‘கவனம் கண் சிமிட்டுகிறது’ என்ற அர்த்தத்தில் 1992-ல் இதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். கண் திறந்துதான் இருக்கும், கவனம்தான் மூடியிருக்கும்.

கேள்வி இதுதான். அந்த இரண்டாவது டார்கெட் எந்தப் பக்கம் வந்தால் மாட்டும்? எழுத்துதானே, மொழிதானே, இடது மூளைதானே, அப்படியானால் வலப்பக்கம் என்று நானும் பந்தயம் கட்டியிருப்பேன். தோற்றிருப்பேன். இடப்பக்கம் வந்தால்தான் அதிகம் மாட்டுகிறது! வித்தியாசமும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில் இல்லை, நன்றாகவே தெரிகிறது. எல்லாம் இடமிருந்து படிக்கிற பழக்கம்தானோ என்று சந்தேகம் வந்து, ஜெர்மனி, இஸ்ரேல், தைவான் மூன்று நாட்டிலும் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஹீப்ரு வலமிருந்து இடம் ஓடும் மொழி. அங்கேயும் இடப்பக்கம்தான் முன்னால்!

எப்படி? தனியாக ஒரு வார்த்தையைக் காட்டினால், அது ‘படிக்கிற’ வேலை. இடது மூளைக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் வெள்ளமாக ஓடுகிறபோது படிப்பது அப்புறம். “டேய், இதோ வந்துருச்சு!” என்று முதலில் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வாட்ச்மேன் வேலையில் வலது மூளை கெட்டி. திடீரென வருவது, எதிர்பாராதது, முக்கியமானது எதுவோ அதன் பக்கம் கவனத்தைத் திருப்புகிற வலைப்பின்னல் வலது பாதியில்தான் பலமாக இருக்கிறது என்று மௌரிட்சியோ கார்பெட்டா, கோர்டன் ஷுல்மன் இருவரும் 2002-ல் விரிவாக எழுதினார்கள்.

அந்த வாட்ச்மேன் அடிபட்டால்?

நம்ம தாத்தா! ‘நெக்லெக்ட்’ என்கிறார்கள். புறக்கணிப்பு என்று தமிழில் சொன்னால் தாத்தா வேண்டுமென்றே செய்கிற மாதிரி ஒலிக்கிறது, அதனால் நெக்லெக்ட் என்றே வைத்துக்கொள்வோம். வலது மூளையில் பக்கவாதம் வந்தவர்களில் நிறைய பேருக்கு இடப்பக்க உலகமே கணக்கில் வராமல் போகும். ஷேவ் பண்ணினால் வலது கன்னம் மட்டும். சட்டை போட்டால் வலது கை மட்டும். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே திணிப்பார்கள். வார்த்தையில் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் படிப்பார்கள்... சேலம்!

இடது மூளை அடிபட்டால் வலப்பக்கம் இதே அளவுக்குத் தொலைவதில்லை. ஏன் என்பதற்கு நரம்பியல் டாக்டர்கள் சொல்கிற கணக்கு எளிமையானது. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் காவல் காக்கிறது. வலது மூளை இரண்டு பக்கத்தையும். இடது போனால் வலது சமாளிக்கும். வலது போனால் இடப்பக்கத்துக்கு ஆளே இல்லை.

இது கண் விஷயம் இல்லை என்பதற்கு 1978-ல் இத்தாலியில் எடுவார்டோ பிசியாக், கிளாவுதியோ லுட்ஸாட்டி செய்ததை விட அழகான ஆதாரம் கிடையாது. மிலன் நகரில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய சர்ச் சதுக்கம் ஒன்று இருக்கிறது. நோயாளிகளிடம், “சர்ச்சைப் பார்த்தபடி சதுக்கத்தின் அந்த முனையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, தெரிகிற கட்டடங்களைச் சொல்லுங்க” என்றார்கள். வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். “சரி, இப்போ சர்ச் வாசலிலிருந்து திரும்பிப் பார்ப்பதா நினைச்சுக்கோங்க.” இப்போது முதலில் விட்டதையெல்லாம் சொன்னார்கள், முன்பு சொன்னதை விட்டுவிட்டார்கள்! கண் மூடி நினைத்துப் பார்ப்பதிலும் இடப்பக்கம் காணோம்.

நானும் தாத்தாவிடம் முயற்சி செய்தேன். “சேலம் ரோட்டிலிருந்து நம்ம தெருவுக்கு நடந்து வர்றதா நினைச்சுக்கோங்க, யார் யார் வீடு?” என்றேன். சொன்னார், எல்லாம் வலப்பக்க வீடுகள். “சரி, இப்ப வீட்லேர்ந்து மெயின் ரோட்டுக்குப் போறீங்க.” அந்தப் பக்க வீடுகள் வரிசையாக வந்தன. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு உட்பட. பக்கத்தில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த ஆயா அப்படியே கையை நிறுத்திவிட்டார்.

பார்க்கவே இல்லையா, பார்த்தும் தெரியவில்லையா? 1988-ல் இங்கிலாந்தில் ஜான் மார்ஷல், பீட்டர் ஹாலிகன் ஒரு நோயாளியிடம் மேலும் கீழுமாக இரண்டு வீட்டுப் படம் காட்டினார்கள். ஒரு வீட்டின் இடப்பக்கம் மட்டும் தீப்பிடித்து எரிகிறது. “இரண்டும் ஒரே மாதிரிதான்” என்றார் அவர். “எதில் குடியிருப்பீங்க?” என்று கேட்டபோது, முட்டாள்தனமான கேள்வி என்று அலுத்துக்கொண்டே திரும்பத் திரும்ப எரியாத வீட்டையே காட்டினார். தீ எங்கேயோ உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவருக்குத்தான் தகவல் வரவில்லை.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். வி.எஸ்.ராமச்சந்திரன். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். முடித்து, கேம்பிரிட்ஜ் போய், அமெரிக்காவின் சான் டியகோவில் பேராசிரியர் ஆனவர். ஸ்டான்லி மாணவராக இருந்தபோதே, இரு கண் பார்வை பற்றி அவர் எழுதிய கட்டுரை 1972-ல் ‘நேச்சர்’ இதழில் வந்துவிட்டது. (இருபது வயசு சுமாருக்கு! எனக்கும் அதே வயசு. என் லேட்டஸ்ட் சாதனை, இரண்டு அரியர் கிளியர் பண்ணியது.) 1997-ல் இவரும் சகாக்களும் நெக்லெக்ட் நோயாளிகளின் வலப்பக்கம் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். இடப்பக்கம் நீட்டிய பேனா அதில் தெரிந்தது. பேனாவை எடுக்கச் சொன்னால், சிலர் கண்ணாடிக்குள்ளேயே கையை விட்டு முட்டினார்கள். அது கண்ணாடி என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பேனா ‘கண்ணாடிக்குள்ளே’ இருக்கிறது என்றார்கள். இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாத உலகத்தில், அது வேறு எங்கேதான் இருக்க முடியும்?

இவ்வளவு நுணுக்கமான விஷயத்தை நம்ம பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் எப்படி விற்கிறார்கள் தெரியுமா? ‘உங்கள் குழந்தை இடது மூளையா, வலது மூளையா?’ என்று! கணக்குப் போட்டால் இடது, கவிதை எழுதினால் வலதாம். 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை அலசிப் பார்த்தார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது உண்மை. ஆனால் ‘இவர் இடது மூளை ஆள், அவர் வலது மூளை ஆள்’ என்று மனுஷர்களைப் பிரிக்க ஆதாரம் இல்லை. மெயிலில் சுற்றிச் சுற்றி வந்ததே, சுழல்கிற நடனப்பெண் படம், அது எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்த மூளை என்று? 2003-ல் ஜப்பானின் நொபுயுகி கயஹாரா செய்த கண்கட்டு அனிமேஷன் அது. நிழலுருவில் முன்பின் தெரியாது, அதனால் எப்படியும் சுழல்வதாகத் தோன்றும். மூளைப் பாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைவிட மோசம் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’. கண்ணைக் கட்டிவிட்டால் பிள்ளை புத்தகம் படிக்குமாம். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்க்கிற வித்தை இது என்று மங்களூர் நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் மேடை மேடையாகக் காட்டினார்கள். நடுமூளை என்பது, கண்ணைச் சட்டென்று திருப்புவது மாதிரியான வேலைகளை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும் பகுதி. அதை யாரும் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ‘ஆன்’ பண்ண வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கு விற்ற காசு இப்படிப் போனால் வயிறு எரியாதா?

மூளையின் இரண்டு பக்கத்தைப் பற்றி நம்ம ஊரில் சுவர் முழுக்க ஒட்ட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தாத்தாவின் இடது கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. வாய் இடப்பக்கம் லேசாகத் தொங்கிய மாதிரி இருந்தது. “என்னா தாத்தா?” என்றேன். “ஒண்ணுமில்லடா, கை மரத்துப்போச்சு” என்று தெளிவாகப் பதில் சொன்னார். நன்றாகப் பேசுகிறாரே! சுகர் குறைந்திருக்கும் என்றார் பெரியப்பா. படுத்தால் சரியாகிவிடும் என்றார் சித்தி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன் நான். ஆமாம், நானும்தான். காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்களுக்குப் பதினாலு மணி நேரம் ஆகியிருந்தது.

நாங்கள் மட்டும்தான் இப்படி ஏமாந்தோமா என்று தேடினேன். இல்லை. 2005-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஜெர்மனி டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த பக்கவாத நோயாளிகளின் பதிவுகளை எண்ணிப் பார்த்தால், இடது மூளை பாதித்தவர்கள் கூடுதல், வலது மூளை பாதித்தவர்கள் குறைவு. ரத்தக்குழாய்க்கு இடம், வலம் என்ற பாரபட்சம் பெரிதாக இருக்கக் காரணமில்லை. இடது மூளை என்றால் பேச்சு குழறும், வீடே அலறும். வலது மூளை என்றால் பேச்சு நன்றாக இருக்கும். ஆளுக்கே தன் இடது கை விழுந்தது உறைக்காது. “ஒண்ணுமில்ல” என்பார். வீடும் நம்பிவிடும். வலது பக்கப் பக்கவாதங்கள் பல கண்ணில் படாமலே போகின்றன என்பது அவர்கள் முடிவு.

கள்ளக்குறிச்சி மாவட்டமாக ஆனது 2019-ல். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். சின்னசேலத்திலிருந்து அது ஒன்றும் வெகு தூரம் இல்லை. கல்வராயன் மலை மேலே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு மலையிறங்கவே நேரம் ஆகும். அவர்களுக்கு நாலரை மணி நேரம் என்பது இன்னும் சின்னது. அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று ஒரு பக்க முகம் தொங்கினால், கையைத் தூக்கச் சொல்லி ஒரு கை மட்டும் இறங்கினால், பேச்சு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி, மணியைக் குறித்துக்கொண்டு 108-க்குப் போன் போடுங்க. ‘நல்லாத்தானே பேசறாரு’ என்று மட்டும் சொல்லாதீங்க.

தாத்தா இப்போது எவ்வளவோ பரவாயில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு வழி சொன்னார். பக்கத்தின் இடது ஓரத்தில் பளிச்சென்று சிவப்புக் கோடு ஒன்று போட வேண்டும். அந்தக் கோடு தெரிகிற வரை தலையைத் திருப்பித் தேடிவிட்டு, அப்புறம்தான் படிக்க ஆரம்பிக்க வேண்டும். ஆயா கோடெல்லாம் போடவில்லை. தன் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்துவிட்டார். பேப்பரின் இடது ஓரத்தில் ஒரு பொட்டு. தட்டின் இடது விளிம்பில் ஒரு பொட்டு. கதவு நிலையின் இடப்பக்கம் ஒன்று (அங்கே இரண்டு தடவை தோளை இடித்துக்கொண்டார்). “பொட்டைப் பாத்தியா?” என்பார் ஆயா. “பாத்துட்டேன்” என்பார் தாத்தா. அதற்கப்புறம்தான் சோறு.

போன மாத லீவில் மறுபடியும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். அதே பெஞ்ச். அதே மஞ்சள் போர்டு. அதில் பொட்டு வைக்க முடியாதே!

“படிங்க தாத்தா.”

“சேலம்” என்றார். உடனே நிறுத்தினார். பொட்டைத் தேடுகிற மாதிரி தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். திருப்பிக்கொண்டே போனார். போர்டின் ஓரத்தையும் தாண்டி, தூரத்தில் இருந்த வேப்பமரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“சின்...ன...” என்றார். “ஏண்டா, இது முன்னாடியே இருந்துச்சா?”